துப்பாக்கிக்குக் கட்டிய பூ

விஜயதசமி அன்று காலை பதினோரு மணிக்கு, புருசன் கோபிநாத்தின் காலில் குண்டு பாய்ந்துவிட்டது என்று பூவிழிக்கு போன் வந்தது. சுட்டது யார் என்று கேட்டாள். அவனேதான் என்றார்கள்.

அவளுக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. முந்தின நாள் ஆயுத பூசையில் மிஞ்சிய பொரியையும் கடலையையும் டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டாள். பேசியது கோபிநாத் காவலுக்குப் போகிற காரின் டிரைவர் வேம்பு. "அக்கா, பயப்படாத. உசுருக்கு ஒன்னும் இல்ல. கால்லதான். ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்," என்றான். பயப்படாதே என்று ஆரம்பிக்கிற போனைக் கேட்டு யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? டப்பாவை மூடினாள். வீட்டைப் பூட்டினாள். தெருமுனை வரைக்கும் செருப்பு இல்லாமல் நடந்துவிட்டுத்தான் அது இல்லை என்று தெரிந்தது. அப்படியே ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

கோபிநாத் ஒரு வாரியத் தலைவருக்கு மெய்க்காவலன். அந்தத் தலைவருக்கு எப்போதோ ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. கடிதம் எழுதியவனே மறந்திருப்பான், ஆனால் கொடுத்த பாதுகாப்பை யார் வேண்டாம் என்பார்கள்? காவல்துறையிலிருந்து இரண்டு பேர் முறை வைத்துக் கூடவே போய்வந்தார்கள். ஒருவன் கோபிநாத். இன்னொருவன் மதிவாணன், மூலக்குளத்தில் கோபிநாத்துக்கு எதிர் வீட்டுக்காரன், வயதில் சின்னவன், கோபிநாத் தும்மினால் அதே மாதிரி தும்மிப் பார்க்கிற ரகம்.

ஆட்டோ இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றபோது பூவிழிக்கு ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. மாமாவா? மாமா எப்படித் தன்னைத் தானே சுட்டுக்கொள்வான்? ஏழு வருடமாக இடுப்பில் துப்பாக்கி. சுடும் பயிற்சியில் முதல் ஆள். துப்பாக்கியை எடுத்து நீட்டிவிட்டு, கண் எதிராளி மேலேயே இருக்க, குனிந்து பார்க்காமல், டப்பென்று ஒரே தட்டில் இடுப்பு உறையில் இறக்குவான். வீட்டில் குண்டை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று அதை இருபது தடவை செய்வான். அவள் தோசைக் கரண்டியோடு நின்று பார்ப்பாள். பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வேம்பு நின்றிருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அவனுக்குப் பேச்சு கோர்வையாக வரவில்லை.

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனில பூசைக்கா. தலைவர் கார வுட்டு எறங்குனாரு, நம்ம ஆளுங்க சரவெடியக் கொளுத்திட்டானுங்க. எறங்குற எடத்துலதான அண்ணன் குண்டு போடுவாரு, காருக்குப் பின்னால போயி மேகசினப் போட்டாரு, ஒரு இழுப்பு இழுத்தாரு, இடுப்புல வெச்சாரு. டமால்னுச்சு. வெடின்னுதான்கா எல்லாரும் நெனச்சோம். அண்ணனே அப்படித்தான் நெனச்சாரு. ரெண்டு அடி நடந்தாரு. ஷூவுக்குள்ள இன்னாடா ஈரம்னு குனிஞ்சி பாத்தாரு."

பூவிழி அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

குண்டு தொடையில் நுழைந்து முழங்காலுக்கு மேலே வெளியே போய்விட்டது. எலும்பு தப்பியது. ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் போயிருந்தால் பெரிய ரத்தக்குழாய், சேதராப்பட்டைத் தாண்டியிருக்க மாட்டார் என்று நர்ஸ் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவனுடைய துணிமணி இருந்த பிளாஸ்டிக் பையைப் பூவிழியின் கையில் கொடுத்தாள். தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அரைமணியில் பார்க்கலாம் என்றாள்.

துப்பாக்கியை ஸ்டேஷன்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பையில் இருந்தது கத்தரித்த பேன்ட், ஒற்றை ஷூ, பெல்ட், பெல்ட்டோடு உறை. ரத்தம் காயாமல் பிசுபிசுத்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, செய்ய வேறு ஒன்றும் தோன்றாமல், உறையைப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள். விரலில் ஏதோ கீறியது. பார்த்தாள்.

வாழைநார்.

பெல்ட் நுழைகிற காதில் முடிச்சுப் போட்டு, உறையின் வாய்க்குக் குறுக்கே ஒரு வளையமாகத் தொங்கியது. வளையத்தின் ஒரு பக்கம் கருகியிருந்தது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு கனகாம்பரம், நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். இடது பக்கமாக இரண்டு சுற்று சுற்றி உள்ளே இழுக்கிற முடிச்சு. மூலக்குளத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அது அவள் முடிச்சு.

உறையை மடியில் கவிழ்த்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

நேற்று நடந்தது இதுதான். துப்பாக்கியை டூட்டி முடிந்ததும் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் விடிகாலையில் டூட்டி என்றால் யாரும் ஒப்படைப்பதில்லை, வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள் என்பது வழக்கம். பூசைப் பலகையில் பூவிழி எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள்: அரிவாள்மணை, சுத்தியல், திருப்புளி, தையல் மிஷினின் கத்தரிக்கோல். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வீட்டில் நிஜமாகவே ஓர் ஆயுதம் இருக்கும்போது அதை அலமாரியில் பூட்டிவிட்டு அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தால் சாமியே சிரிக்கும் என்றாள். கோபிநாத் முதலில் முடியாது என்றான். அப்புறம் மேகசினைக் கழற்றினான், இழுத்துப் பார்த்துக் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டான், துப்பாக்கியையும் உறையையும் பலகையில் வைத்தான். அவள் உறைக்கு ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினாள். தலைக்கு வைக்கிற பூவை நூலில் கட்டுவாள். சாமிக்கு என்றால் வாழைநார்தான். நனைத்துக் கட்டும்போது நார் சொன்ன பேச்சு கேட்கும். காய்ந்துவிட்டால் விறைத்துக்கொண்டு அறுக்கவே வராது.

பக்கத்தில் நின்று பார்த்த மாலா, மதிவாணனின் மனைவி, எங்க வீட்டுதுக்கும் நீயே கட்டிக் குடேன் என்று பெல்ட்டோடு தூக்கிக்கொண்டு வந்தாள். மதிவாணன் துப்பாக்கியைக் கிடங்கில் கொடுக்காமல், குண்டோடு வீட்டில் மாட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தான். துப்பாக்கி உறைக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்க இரண்டு பெண்களுக்கும் பயம். எடுக்காமலே, மேலோடு சுற்றி, அதே முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள் பூவிழி.

இன்று விடிகாலை கோபிநாத் கிளம்பும்போது, பூவோடு போனால் சிரிப்பார்கள் என்று சரத்தைப் பிடித்து ஒரே உருவாக உருவி எறிந்தான். நார் போகவில்லை. அதை அவனும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. வெறும் துப்பாக்கியை எடுத்து, வழக்கம்போல் பார்க்காமல், டப்பென்று இறக்கினான். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"பாத்தியா, பூசை போட்டதும் புதுசாட்டம் உக்காருது," என்றான். அவளும் சிரித்தாள்.

அந்த டிக் என்னவென்று இப்போது பெஞ்சில் உட்கார்ந்து புரிந்தது. நார் விசையை இழுத்த சத்தம். உள்ளே குண்டு இல்லாததால் டிக். ஐந்து மணி நேரம் கழித்து, குண்டு இருந்ததால் டமால். இரண்டு பேரும் நின்று அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவள் பல்லால் முடிச்சைக் கடித்துப் பிரித்தாள், நாரை உருவினாள், முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கோபிநாத்தைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலருகே நின்றாள்.

"நாந்தான மாமா உன்னச் சுட்டேன்," என்றாள்.

"மெதுவாப் பேசு. கீழ வுழுந்து கெடந்தப்பவே பாத்துட்டேன், ஆரஞ்சு கலரா தெரிஞ்சிது. எங்க அது?"

அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்படியே வெச்சிக்க. வீட்டுக்குப் போயி அடுப்புல போட்டுடு. விரல் விசையில பட்டுடுச்சின்னு எழுதிக் குடுத்துட்டேன். விரல்னா மூணு மாசம் வீட்ல உக்கார வெப்பான், ஒரு இன்கிரிமென்ட் போவும், அவ்ளோதான். துப்பாக்கிய வீட்டுக்குக் கொண்டாந்து பொம்பளை கையில குடுத்து பூ வெச்சேன்னு தெரிஞ்சிது, வேலையே பூடும். புரியுதா பூவு?"

"புரியுது."

"ஏழு வருசத்துல ஒரு நாளு கூட நான் விரல உள்ள வெச்சதில்ல," என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவன் கண் கலங்கியது. குண்டு பாய்ந்ததற்குக் கலங்காத கண்.

கதவைத் தட்டாமல் இன்ஸ்பெக்டர் விஜயராகவன் வந்தார். நல்ல ஆகிருதி, தொப்பைக்குக் கீழே எங்கோ பெல்ட் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். வலது உள்ளங்கையை இடுப்புத் துப்பாக்கியின் மேல் ஊன்றிக்கொண்டு நிற்பது அவர் வழக்கம். கக்கத்தில் ஒரு ஃபைல். பின்னாலேயே மதிவாணன். காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியவன், கோபிநாத்துக்குப் பதிலாக உடனே டூட்டிக்கு வா என்று கூப்பிட்டதால், பூவை உருவிவிட்டு மாலா ஆணியில் மாட்டிவைத்த பெல்ட்டை அப்படியே கட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தான்.

"அண்ணி, பயந்துட்டியா?" என்றான் பூவிழியைப் பார்த்து. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

விஜயராகவன் ஃபைலைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். "விரல் பட்டுடுச்சின்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"எடுக்கறதுக்குத்தான்டா அவசரம், வெக்கறதுக்கு இன்னா அவசரம், பாத்து மெதுவா வைங்கடான்னு தொண்ட கிழியக் கத்தியிருக்கேன். நீ கேக்க மாட்ட, உனக்கு ஸ்டைலு முக்கியம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனா விரலு? விரல வெளிய நேரா நீட்டி வெக்கணும்னு புதுசா வர பசங்களுக்குப் பாடம் எடுக்கறவனே நீதான். நான் எப்படிப்பா நம்பறது?"

கோபிநாத் போர்வையைக் காயத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"குடிச்சியா?"

"இல்ல சார்."

"அப்ப வீட்ல எதனா பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டு, அவர் பூவிழியைப் பார்த்தார். பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. புருசன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிற அளவுக்கு இவள் என்ன செய்தாள் என்று அந்தப் பார்வை கேட்டது. பூவிழிக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோபிநாத் தலையணையில் இருந்தபடியே இல்லை என்று லேசாகத் தலையசைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"மதி," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ இவங்கூடவே பழகுனவன். இவன் எப்படித்தான் வெப்பான்? செஞ்சி காட்டு, பாக்கலாம். விரல் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியணும்."

முதலில் குண்டை இறக்கு என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று போலீஸ்காரர்கள் இருந்த அறை அது; ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. குண்டடிபட்டவன் கட்டிலில் கிடக்கும்போதே வரவில்லை என்றால் எப்போது வரும்?

மதிவாணன் ஆர்வமாக முன்னால் வந்தான். அண்ணனின் வித்தையைச் செய்து காட்டச் சொன்னால் அவனுக்குச் சொல்லவா வேண்டும். கால்களை அகற்றி நின்று, சரக்கென்று துப்பாக்கியை உருவிச் சுவரைப் பார்த்து நீட்டினான்.

"பாருங்க சார். விரலு இப்படி நேராத்தான் இருக்கும். கண்ணு எதிர்லயே இருக்கும். கீழ பாக்க மாட்டாரு. இப்படியே இடுப்புக்குக் கொண்டாந்து, டப்புன்னு ஒரே தட்டு."

துப்பாக்கி இடுப்புக்கு இறங்கியது. அவன் லேசாகத் திரும்பினான். பூவிழி நின்ற பக்கமாக உறை திரும்பியது.

உறையின் வாயில் இரண்டு கனகாம்பரம் எட்டிப் பார்த்தது. துப்பாக்கி வெளியே வந்த வேகத்தில், மேலோடு கட்டிய நார் உள்ளே விழுந்து வாய்க்குக் குறுக்கே விறைத்துக்கொண்டு நின்றது. பெல்ட்டின் காதில் இடது பக்கமாக இரண்டு சுற்று.

கோபிநாத்துக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. அவளுடைய முகம் மாறுவதுதான் தெரிந்தது. சொல்லாதே என்று மறுபடியும் தலையசைத்தான். வேலை, வீட்டுக் கடன், சீருடை, ஏழு வருடம், எல்லாம் அந்தத் தலையசைப்பில் இருந்தது. எதிரே மதிவாணனின் தொடை இருந்தது. ஒரு விரற்கடை என்று நர்ஸ் சொன்னது காதில் கேட்டது.

"வெக்காத தம்பி," என்றாள். குரல் கத்தவில்லை, அவளுடைய குரல் மாதிரியே இல்லை. "உள்ள நாரு இருக்கு. நான் கட்டுன நாரு."

மதிவாணனின் கை உறைக்கு மேலே அப்படியே நின்றது.

இன்ஸ்பெக்டர் எதையும் கேட்கவில்லை. அவர் குரல் திடீரென்று தாழ்ந்துவிட்டது. "அப்படியே நில்லு. மூக்கு தரையப் பாத்து இருக்கட்டும். விரல் வெளியவே இருக்கட்டும். மேகசின எடு. ம். இப்ப இழு." மதிவாணன் இழுத்தான். உள்ளே இருந்த ஒரு குண்டு துள்ளி விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அது சுவரில் முட்டி நிற்கிறவரை நான்கு பேரும் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதிவாணன் குனிந்து தன் உறையைப் பார்த்தான். துப்பாக்கியைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அவனே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

விஜயராகவன் தன் பேனாவால் நாரை மெதுவாகத் தூக்கினார். வளையம் பேனாவில் விறைப்பாகத் தொங்கியது. அப்புறம் பூவிழியைப் பார்த்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருகின நாரை எடுத்து நீட்டினாள்.

"நேத்து பூசைக்கு ரெண்டுத்துக்கும் நாந்தான் சார் கட்டுனேன். இவரு விரல வெக்கல. குடிக்கல. எங்களுக்குள்ள சண்டையும் இல்ல. நாரு மாட்டி இழுத்துடுச்சி. எனக்காவப் பொய் எழுதிக் குடுத்துட்டாரு."

"அவளுக்கு ஒன்னும் தெரியாது சார்," என்றான் கோபிநாத். "நாந்தான் எடுத்துக் குடுத்தேன். எது பண்றதா இருந்தாலும் என்னப் பண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் இரண்டு நாரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று பூவிழி காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. அவர் முகத்தில் ஏதோ ஓடி, அப்படியே பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இடுப்புத் துப்பாக்கிமேல் ஊன்றியிருந்த உள்ளங்கையை, சுடுகிற அடுப்பிலிருந்து எடுக்கிற மாதிரி மெல்லத் தூக்கி, உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார். "என்னோடத கொஞ்சம் பாரு. எனக்குத் தொப்ப மறைக்கிது. தொடாத, மூடிய மட்டும் தூக்கிப் பாரு."

பூவிழி பக்கத்தில் போனாள். தோல் மூடியை இரண்டு விரலால் தூக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சாமந்தி சார்," என்றாள். "நூல்ல கட்டியிருக்காங்க. மூணு சுத்து. ஒன்னு உள்ள போயி விசைப் பக்கம் சுத்திக்கினு இருக்கு."

விஜயராகவன் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார். பிடிபட்ட திருடன் மாதிரி நின்றார், பாவம். "மதி, எழுந்து வா. பெல்ட்டோட கழட்டு. துப்பாக்கியத் தொடாத. மெதுவா. மெதுவாடா." மதிவாணன் கொக்கியை விடுவித்து, பெல்ட்டைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தான். வைத்த பிறகும் இன்ஸ்பெக்டர் கையை இறக்கவில்லை.

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லு. இடுப்புல இருக்கறத எவனும் எடுக்கக் கூடாது. எடுத்தவன் திரும்ப வெக்கக் கூடாது. மொதல்ல குண்ட எறக்கச் சொல்லு, உறையக் கவுத்துத் தட்டச் சொல்லு, கண்ணால உள்ள பாக்கச் சொல்லு. இப்பவே சொல்லு."

"ஏன்னு கேப்பாங்க சார்."

"பூன்னு சொல்லு."

"யாரு வீட்டுப் பூன்னு கேட்டா?" கட்டிலில் இருந்து கோபிநாத்தான் கேட்டான். குரல் தேய்ந்து போயிருந்தது.

விஜயராகவன் அவனைத் திரும்பிப் பார்த்தார். கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"மொத வரியில என் வீட்டுப் பூன்னு எழுதறேன். உன் வீட்டுப் பூ ரெண்டாவது வரி. என்னைய என்ன பண்றாங்களோ அதத்தான் உன்னையும் பண்ணணும்," என்றார். பிறகு பூவிழியிடம் சொன்னார். "ஏம்மா, அந்த ஃபைல்ல இவன் எழுதிக் குடுத்த பேப்பர் இருக்கு. எடுத்து இவங்கிட்டயே குடுத்துடு. ஏழு வருசமா விரல வெக்காதவன், வெச்சேன்னு எழுதி வெச்சிருக்கான்."